முதல் பயிற்றுநர் வேலை: விமானப் பயிற்சிப் பள்ளியின் கதவைத் தட்டும் முன்

விமானப் பயிற்றுநர் தகுதி கைக்கு வந்த மறுநாளே எழும் கேள்விகள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். புதிய பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களை மேற்பார்வையிடுவதும் என் பணியாக இருந்ததால், அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். தேவையான இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் வேலையில் சம்பளத்தைவிடவும், கணக்கில் சேரும் பறத்தல் மணிநேரத்தைவிடவும், உங்கள் வேலையைக் கூர்ந்து பார்த்துத் திருத்தும் மூத்த பயிற்றுநர் ஒருவர் இருக்கிறாரா என்பதே பெரிது.

தகுதி பெற்றுவிட்டேன். உடனே யாருக்கு வேண்டுமானாலும் கற்றுக்கொடுக்கலாமா?

அது நீங்கள் உரிமம் பெற்ற நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் பயிற்றுநர் சான்றிதழ் பெற்ற அன்றே நீங்கள் தனித்து இயங்கலாம். ஒரு மாணவரை முதல் தனிப்பறத்தலுக்கு, அதாவது பயிற்றுநர் உடனில்லாமல் தனியே பறப்பதற்கு, அனுப்பும் கையெழுத்தைக்கூட யாருடைய அனுமதியும் இல்லாமல் போடலாம். சட்டம் தரும் உரிமை அது. அனுபவமற்ற ஒருவரிடம் அவ்வளவு பெரிய உரிமை இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சற்று நடுக்கமாகத்தான் இருக்கிறது.

ஐரோப்பிய விதிகளில் புதிய பயிற்றுநரின் உரிமை கட்டுப்படுத்தப்பட்டது. மற்றொரு பயிற்றுநரின் மேற்பார்வையில்தான் அவர் பணியாற்ற வேண்டும். மாணவரின் முதல் தனிப்பறத்தலுக்கோ முதல் தொலைதூரத் தனிப்பயணத்துக்கோ அவரால் ஒப்புதல் தர முடியாது. 100 மணிநேரம் பயிற்சி அளித்து, மாணவர்களின் 25 தனிப்பறத்தல்களையாவது மேற்பார்வையிட்ட பிறகே அந்தக் கட்டுப்பாடு நீங்கும். கனடாவில் புதியவர் நான்காம் வகுப்புப் பயிற்றுநர். ஆஸ்திரேலியாவில் மூன்றாம் நிலைப் பயிற்றுநர். இந்தியாவில் துணைப் பயிற்றுநர். மூன்று நாடுகளிலும் மேலே ஒருவர் பொறுப்பேற்றிருப்பார்.

இதனால் வேலை தேடும் முறையும் மாறுகிறது. மேற்பார்வை கட்டாயமான நாடுகளில், மேற்பார்வையிடும் தகுதியுள்ளவர் இல்லாத பள்ளியால் உங்களை எடுக்கவே முடியாது. அமெரிக்காவில் எடுக்க முடியும். ஆகவே அங்கே அந்த மேற்பார்வையை நீங்களே தேடிப் போய்ப் பெற வேண்டும்.

பறந்த நேரத்தைப் பதியும் என் லாக்புக்கில் உரிமத்துக்குத் தேவையான மணிநேரத்தைவிடச் சற்றுத்தான் கூடுதலாக இருக்கிறது. யார் எடுப்பார்கள்?

பெரும்பாலும் நீங்கள் படித்த பள்ளிதான். புதியவரை எடுக்கும்போது தலைமைப் பயிற்றுநரை உறுத்தும் கேள்வி, "இவர் எப்படிப்பட்டவர்?" என்பது. உங்கள் பள்ளிக்கு அதற்கான பதில் ஏற்கெனவே தெரியும். நேரத்துக்கு வந்தீர்களா, காற்று கூடியபோது பறப்பதைக் கைவிட்டீர்களா, விமானத்தை வாடகைக்கு எடுத்துப் போய்த் திரும்பியபின் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனீர்களா என்பதையெல்லாம் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய விமானங்களும் நடைமுறைகளும் உங்களுக்கும் பழக்கமானவை.

அதனால் பயிற்றுநர் பயிற்சியில் சேரும் முன்பே, "தேர்ச்சி பெற்றால் இங்கே வேலைக்கு எடுப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். தங்கள் சொந்த மாணவர்களைப் பயிற்றுநர்களாக எடுத்துக்கொள்ளும் வழக்கமுள்ள பள்ளிகள் பல உண்டு. அப்படி எடுக்காத பள்ளியும் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லும். மழுப்பலான பதில் வந்தால், பயிற்றுநர் பயிற்சியை வேறு இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

படித்த பள்ளியில் இடமில்லை என்றால்?

நேரில் போங்கள். நூறு பள்ளிகளுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவதைவிட, ஓட்டிச் சென்று திரும்பக்கூடிய தூரத்தில் உள்ள ஐந்தாறு பள்ளிகளுக்கு நேரில் போவது பலன் தரும். விமானத்திலேயே போய் இறங்க முடிந்தால் இன்னும் நல்லது. மாணவர்கள் குவியும் வார இறுதிக் காலைகளில் போக வேண்டாம். வாரநாளில், வானிலை சரியில்லாமல் விமானங்கள் தரையில் நிற்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்றுதான் தலைமைப் பயிற்றுநருக்குப் பேச நேரமிருக்கும்.

அங்கே போனால் அவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். விமானங்களுக்கு நேரம் ஒதுக்கும் மேசையில் இருப்பவர், பழுது பார்க்கும் மெக்கானிக், காத்திருக்கும் மாணவர் ஆகியோரிடமும் மரியாதையாகப் பேசுங்கள். நீங்கள் போன பிறகு அவர்களிடம் கருத்துக் கேட்கும் தலைமைப் பயிற்றுநர்களை எனக்குத் தெரியும், நானும் கேட்பேன். மேசையில் இருப்பவரை அலட்சியமாக நடத்தியவரை நான் எடுத்ததில்லை. பதற்றத்தில் தவறு செய்த மாணவரை அவர் எப்படி நடத்துவார் என்பதற்கு அதுவே போதுமான அறிகுறி.

வேலை கிடைப்பது காலத்தையும் பொறுத்தது. விமான நிறுவனங்கள் ஆள் எடுக்கும் காலத்தில் பயிற்றுநர்கள் கூட்டமாகப் பள்ளிகளை விட்டுப் போவார்கள். கதவுகள் தாமாகத் திறக்கும். 2001, 2008, 2020 ஆண்டுகளில் நடந்ததுபோல நிறுவனங்கள் கையை இறுக்கும்போது பழையவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். புதியவருக்கு இடம் குறையும். அது உங்கள் திறமைக்குக் கிடைத்த மதிப்பெண் அன்று.

கருவிவழிப் பறத்தலையும் இரட்டை எஞ்சின் விமானத்தையும் கற்றுக்கொடுக்கும் தகுதிகளை முதலிலேயே எடுத்துவிட வேண்டுமா?

கருவிவழிப் பறத்தலை, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதை, கற்றுக்கொடுக்கும் தகுதியை எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் பல பள்ளிகள் அது இல்லாதவரின் விண்ணப்பத்தைத் தள்ளிவைத்துவிடுகின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது: தனியார் விமானி உரிமம் பெற்ற மாணவர் அடுத்துப் போவது கருவிவழிப் பயிற்சிக்குத்தான். அங்கே நீங்கள் அவரை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தால், பள்ளிக்குத் தொல்லை, மாணவருக்கும் இழப்பு.

இரட்டை எஞ்சின் தகுதிக்கு அவசரம் இல்லை. அமெரிக்க விதிப்படி, நீங்கள் கற்றுக்கொடுக்கப்போகும் அதே வகை, அதே மாடல் இரட்டை எஞ்சின் விமானத்தில் குறைந்தது 5 மணிநேரமாவது தலைமை விமானியாகப் பறந்திருக்க வேண்டும். ஆகவே ஏதோ ஓர் இடத்தில் பணத்தைக் கொட்டி அந்தத் தகுதியைப் பெற்றாலும், சேரும் பள்ளியில் வேறு மாடல் இருந்தால் மறுபடியும் செலவு. பள்ளியில் சேர்ந்து, அவர்களுடைய விமானத்திலேயே அதை முடிப்பது மேல்.

சுழல்வீழ்ச்சி எனப்படும் ஸ்பின்னில் நல்ல பழக்கம் கூடுதலாகத் தேவை. அமெரிக்காவில் பயிற்றுநர் தேர்வுக்கே அதில் தேர்ச்சி பெற்றதற்கான கையெழுத்து வேண்டும். அதைச் சடங்காக முடித்துவிடாதீர்கள். மாணவர் என்றாவது ஒரு நாள் நீங்கள் எதிர்பாராத நொடியில் ஸ்பின்னுக்குள் கொண்டுபோவார். அப்போது உங்கள் கையும் காலும் யோசிக்காமலே சரியாக இயங்க வேண்டும்.

சுயவிவரத்தில் என்ன எழுதுவது?

ஒரு பக்கம் போதும். உரிமங்கள், தகுதிகள், மருத்துவச் சான்று, மணிநேரப் பகுப்பு, ஓட்டிய விமான வகைகள், எந்தத் தேதியிலிருந்து வர முடியும் என்பன மேலே இருக்கட்டும். அடுத்து, கற்றுக்கொடுத்த அனுபவம் எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். கணக்கு டியூஷன் எடுத்தது, நீச்சல் கற்றுக்கொடுத்தது, தொழிற்சாலையில் புதியவர்களைப் பழக்கியது எல்லாம் எங்களுக்கு முக்கியம். தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தால் மறைக்க வேண்டாம். கேட்டால், எதில் தோற்றீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். மணிநேரத்தை மட்டும் ஒருபோதும் கூட்டி எழுதாதீர்கள். லாக்புக்கை நாங்கள் புரட்டிப் பார்ப்போம்.

நேர்காணலில் என்ன நடக்கும்?

வழக்கமான கேள்விகள் சிறிது நேரம் போகும். பிறகு ஒருவர் வெள்ளைப் பலகையைக் காட்டி, "நான் ஒரு புதிய மாணவன். ஸ்டால் என்றால் என்னவென்று எனக்குக் கற்றுக்கொடுங்கள்" என்பார். உங்கள் வேலை பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

புதியவர்களில் பலர் அந்த இடத்தில் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். தாக்குகோணம், தூக்குவிசைக் குணகம், எல்லைப் படலம் என்று பலகை நிறைந்துவிடும். எதிரே இருப்பவர் மாணவர் என்பதே மறந்துபோகும். நான் எதிர்பார்ப்பது வேறு. முதலில் என்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இதற்கு முன் பறந்திருக்கிறீர்களா? இறக்கை எப்படித் தூக்குகிறது என்று ஏதாவது படித்திருக்கிறீர்களா?" என் பதிலைக் கேட்டபின் பாடம் அங்கிருந்து தொடங்க வேண்டும். ஒரு படம், ஒரு கருத்து, பிறகு நான் புரிந்துகொண்டேனா என்று சோதிக்கும் இன்னொரு கேள்வி. ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழப்பது, எந்த வேகத்திலும், எந்த நிலையிலும் வரலாம், இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையிலான கோணம் எல்லை மீறுவதே அதற்குக் காரணம் என்ற ஒற்றைச் செய்தி என் மண்டையில் ஏறிவிட்டால், பத்து நிமிடத்தில் நீங்கள் பெரிய காரியம் செய்துவிட்டீர்கள்.

நான் வேண்டுமென்றே ஒரு தவறான பதிலும் சொல்லிப் பார்ப்பேன். "அப்படியென்றால் ஸ்டாலில் எஞ்சின் நின்றுவிடும், அப்படித்தானே?" என்று கேட்பேன். புதிய மாணவர்கள் உண்மையாகவே கேட்கும் கேள்வி அது. சிலர் முகம் சுளிப்பார்கள். சிலர் "இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஒரு பெண் மார்க்கரைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு அன்றே வேலை கொடுத்தோம்.

தெரியாத கேள்வி வந்தால் "எனக்குத் தெரியவில்லை, இந்த விதித்தொகுப்பில் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, உடனே தேடத் தொடங்குங்கள். கற்பனையாக விடை சொல்பவர் நாளை மாணவரிடமும் அப்படியே சொல்வார்.

சூழ்நிலைக் கேள்விகளும் வரும். மாணவரின் தந்தை உங்களை அழைத்து, "நாளைக்குள் தனியாகப் பறக்கவிடுங்கள், உறவினர்கள் பார்க்க வருகிறார்கள்" என்கிறார். என்ன செய்வீர்கள்? இதற்கு நுணுக்கமான விடை எதுவும் இல்லை. மாணவர் தயார் என்றால் பறப்பார், தயாராக இல்லையென்றால் பறக்கமாட்டார் என்று சொல்லும் உறுதி உங்களிடம் இருக்கிறதா, அதை அந்தத் தந்தையின் மனம் புண்படாமல் சொல்லத் தெரியுமா என்றுதான் பார்க்கிறார்கள்.

பறந்து காட்டச் சொல்வார்களா?

சொல்வார்கள். பயிற்றுநர் அமரும் வலது இருக்கையிலிருந்து ஓட்டிக்கொண்டே, செய்வதை வாய்விட்டு விளக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வது கடினம். பேச்சு எப்போதும் விமானத்துக்குப் பின்னால் ஓடும். மூக்கை உயர்த்திய பிறகு "இப்போது மூக்கை உயர்த்துகிறேன்" என்பீர்கள். தரையில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு முழுத் தரையிறக்கத்தையும் வாயால் சொல்லிப் பழகினால் இது நன்றாக மேம்படும். நேர்காணலுக்கு முந்தைய வாரம் வலது இருக்கையில் பக்கக்காற்றுத் தரையிறக்கங்களைச் செய்து பாருங்கள். தேர்வு முடிந்து இடைவெளி விழுந்தால் முதலில் துருப்பிடிப்பது அதுதான்.

நான் பள்ளியை எப்படி எடைபோடுவது?

இதை யாரும் போதிய அளவு கேட்பதில்லை. வேலை கிடைத்தால் போதும் என்ற நிலையில், எதிரே இருப்பவரைக் கேள்வி கேட்பது துணிச்சலாகத் தோன்றும். ஆனாலும் கேளுங்கள். முதல் பள்ளியில் படியும் பழக்கங்கள் அடுத்த முப்பது ஆண்டுகள் உங்களுடன் வரும். அவற்றை உங்கள் மாணவர்களும் எடுத்துப் போவார்கள்.

முதலில், விமானத்தின் கோளாறுப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கோளாறே எழுதப்படாத பதிவேடு எனக்கு அச்சம் தரும். பயிற்சி விமானங்கள் ஒரு நாளில் பலமுறை மோதலாகத் தரையிறங்குபவை. ஏதாவது ஒன்று தேயும், தளரும், கசியும். எழுதப்பட்ட கோளாறு, சரிசெய்த தேதி, மெக்கானிக்கின் கையெழுத்து மூன்றும் வரிசையாக இருந்தால் அந்தப் பள்ளியில் உண்மை பேச இடமிருக்கிறது என்று பொருள். அதே கோளாறு மூன்று வாரமாகத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தால், எழுதியவரின் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று பொருள். அங்கே சேர்ந்தால் உங்கள் பேச்சையும் கேட்கமாட்டார்கள்.

அடுத்து, "காற்று அதிகமாக இருக்கிறது என்று சொல்லிப் பயிற்றுநர் ஒருவர் கடைசியாகப் பறப்பதை ரத்து செய்தது எப்போது? அதற்கு என்ன சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். பதிலைவிட அதைச் சொல்லும் தொனியைக் கவனியுங்கள். ரத்து செய்வது சாதாரண விஷயம் என்பதுபோலப் பேசினால் நல்லது. "எங்கள் பயிற்றுநர்கள் எதற்கும் அஞ்சமாட்டார்கள்" என்று பெருமை பேசினால், எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு, புதிய பயிற்றுநரை முதல் சில வாரங்கள் எப்படிப் பழக்குவார்கள் என்று கேளுங்கள். மூத்தவரின் பாடங்களில் பின்னிருக்கையில் அமர்ந்து பார்க்க விடுவார்களா? உங்கள் மாணவரை முதல் தனிப்பறத்தலுக்கு அனுப்பும் முன் வேறொரு பயிற்றுநர் அவருடன் பறந்து பார்ப்பாரா? சட்டம் கேட்காத நாட்டிலும் நல்ல பள்ளிகள் இதைச் செய்கின்றன. "உங்களிடம் உரிமம் இருக்கிறதே, பிறகென்ன?" என்ற பதில் நம்பிக்கைபோலத் தோன்றும். உண்மையில் அது கைகழுவல்.

கடைசியாக, அங்கே இப்போது வேலை செய்யும் பயிற்றுநர் ஒருவருடன் தனியே பேசுங்கள். மாதத்துக்கு எத்தனை மணிநேரம் பறக்கிறார், எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், எத்தனை விமானங்கள் ஓடும் நிலையில் இருக்கின்றன என்று கேளுங்கள். பத்து விமானங்கள் நிற்கும் தளத்தில் நான்கு மட்டுமே பறக்கக்கூடும்.

சம்பளம் எப்படி இருக்கும்?

தொகை நாட்டுக்கும் ஊருக்கும் மாறும். கணக்கிடும் முறையைப் புரிந்துகொள்வதே முக்கியம். பெரும்பாலான சிறிய பள்ளிகள் மணிக்கணக்கில் தருகின்றன. எந்த மணி என்பதுதான் கேள்வி. எஞ்சின் ஓடும் நேரத்துக்கு மட்டும் கூலி என்றால், பறக்கும் முன் விளக்கிய அரைமணியும், இறங்கிய பின் பேசிய அரைமணியும் இலவசம். மாணவர் கற்றுக்கொள்வது அந்த அரைமணிகளில்தான். அவற்றுக்குப் பணம் தராத பள்ளி, நல்ல பயிற்றுநரைத் தண்டித்து, அவசரக்காரருக்குப் பரிசு கொடுக்கிறது. தரை வகுப்புக்கும் சேர்த்துக் கூலி தருகிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள்.

வானிலையால் பாடம் ரத்தானால் என்ன கிடைக்கும்? மாணவர் சொல்லாமல் வராமலிருந்தால்? மாதத்துக்குக் குறைந்தபட்ச உத்தரவாதம் உண்டா? நீங்கள் ஊழியரா, ஒப்பந்தக்காரரா? ஒப்பந்தக்காரர் என்றால் வரி, மருத்துவக் காப்பீடு, விடுப்பு எல்லாம் உங்கள் தலையில். உங்கள் நேரத்தை அவர்களே முடிவுசெய்துகொண்டு, வேறெங்கும் வேலை செய்யக்கூடாது என்றும் சொல்லிவிட்டு, பெயரளவில் ஒப்பந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளும் பள்ளிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். பல நாடுகளின் தொழிலாளர் சட்டம் அதை ஏற்பதில்லை.

ஆண்டின் எல்லா மாதங்களும் ஒரேபோல வருமானம் தராது. மூடுபனி, மழை, பனிப்பொழிவு, குறுகிய பகல் ஆகியவை வரும் மாதங்களைத் தாக்குப்பிடிக்கச் சேமிப்பு வேண்டும். பணமுடை வந்தால் பறக்கக்கூடாத நாளில் பறக்கத் தோன்றும்; சேமிப்பை நான் பாதுகாப்போடு சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.

இத்தனை மாதம் அல்லது இத்தனை மணிநேரம் இருந்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்கிறார்கள். கையெழுத்திடலாமா?

பள்ளி உங்கள் பயிற்சிக்கு உண்மையாகவே செலவு செய்திருந்தால், நியாயமான காலத்துக்கு அப்படிக் கேட்பதில் தவறில்லை. நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அது மாதாமாதம் குறையுமா, பள்ளியே உங்களுக்கு மாணவர்கள் தராவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளியிடம் போகவே வேண்டாம்.

காப்பீடு பற்றிக் கேட்க வேண்டுமா?

கட்டாயம் கேளுங்கள். பள்ளியின் காப்பீட்டில் பயிற்றுநராகிய உங்கள் பெயர் அடங்குகிறதா, விமானத்துக்குச் சேதம் ஏற்பட்டால் காப்பீட்டாளர் ஏற்காத முதல் தொகையை யார் கட்டுவது என்ற இரண்டும் தெளிவாக வேண்டும். அமெரிக்காவில், மாணவர்களுக்குத் தனிப்பறத்தல் ஒப்புதல் அளித்ததற்கும் தேர்வுக்குப் பரிந்துரைத்ததற்கும் உரிய பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருப்பது பயிற்றுநரின் சொந்தக் கடமை. பள்ளி வைத்திருக்கும் என்று இருந்துவிட முடியாது.

விமான நிறுவனத்தில் சேர மணிநேரம் வேண்டும்; அதற்காகத்தான் கற்றுக்கொடுக்க வருகிறேன் என்று நேர்காணலில் சொல்லலாமா?

சொல்லலாம். எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407ஆம் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதையடுத்து 2010இல் வந்த சட்டத்தின் விளைவாக, 2013 முதல் அங்கே பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1500 மணிநேரம் தேவையாகிவிட்டது. பட்டப்படிப்புடன் பயின்றவர்களுக்கும் ராணுவத்தினருக்கும் சற்றுக் குறைவு. வணிக விமானி உரிமம் 250 மணிநேரத்திலேயே கிடைத்துவிடும் என்பதால், நடுவிலுள்ள பெரும் இடைவெளியைப் பலர் பயிற்றுநர் வேலையால் நிரப்புகிறார்கள். இதில் குற்றம் ஒன்றுமில்லை.

எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று. மாணவரைத் தன் மணிநேரமாக மட்டும் பார்க்கும் பயிற்றுநர். மாணவர் பத்துப் பாடத்தில் முடிக்கவேண்டியதைப் பதினைந்துக்கு இழுப்பார்; வேலை மாறும் நாளில் பாதி மாணவர்களை நடுவழியில் விட்டுப்போவார். அந்த மாணவர் கடன் வாங்கிப் படிப்பவராக இருக்கலாம். போவதற்கு முன் ஒவ்வொரு மாணவரின் பதிவேட்டையும் நிறைவு செய்து, அடுத்த பயிற்றுநருடன் உட்கார்ந்து ஒப்படைப்பேன் என்று நேர்காணலில் சொல்லிப் பாருங்கள். எந்தத் தலைமைப் பயிற்றுநரும் அதை மறக்கமாட்டார். சொன்னபடி செய்யவும் வேண்டும்.

எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. தாமதமாகிவிட்டதா?

இல்லை. பயிற்றுநர் வேலைக்கு விமான நிறுவன வேலைபோல 65 வயது வரம்பு பொதுவாக இல்லை. வேறு தொழிலில் இருந்துவிட்டு வருபவர்கள் நீண்ட நாள் இருப்பார்கள் என்பதால் பள்ளிகள் அவர்களை விரும்புவதுண்டு. அதைத் தயங்காமல் முன்னால் வையுங்கள்.

பள்ளியில் சேராமல் தனியாகவே கற்றுக்கொடுக்கத் தொடங்கலாமா?

அமெரிக்காவில் சட்டப்படி முடியும். சொந்த விமானம் வைத்திருப்பவர்களுக்குப் பயிற்சி அளிப்பது, ஒவ்வொரு விமானியும் 24 மாதங்களுக்கு ஒருமுறை செய்யவேண்டிய மறுஆய்வுப் பறத்தலை நடத்துவது போன்ற வேலைகள் கிடைக்கும். பல நாடுகளில், உரிமத்துக்கான பயிற்சியை அனுமதி பெற்ற பயிற்சி நிறுவனத்துக்குள்தான் தர முடியும். அனுமதிக்கப்பட்ட இடத்திலும் முதல் ஆண்டில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். உங்களைத் திருத்த யாரும் இருக்கமாட்டார்கள். முன்பின் தெரியாத பழைய விமானம், பழகாத விமானி, மேற்பார்வை இல்லாத நீங்கள் என்ற மூன்றும் ஒரே அறையில் சேர்வது நல்லதன்று.

வேலை கிடைத்துவிட்டது. முதல் வாரங்களில் எதைக் கவனிப்பது?

கட்டுப்பாடு யார் கையில் என்பதை. "நீங்கள் ஓட்டுங்கள்", "நான் ஓட்டுகிறேன்", மறுபடியும் "நீங்கள் ஓட்டுகிறீர்கள்" என்று மூன்று முறை சொல்லிக் கைமாற்றும் வழக்கத்தை முதல் பாடத்திலேயே பிடிவாதமாகப் பழக்குங்கள். இருவரும் ஓட்டுவதும் ஆபத்து. இருவரும் ஓட்டாமலிருப்பது அதைவிட ஆபத்து.

எப்போது கையை வைப்பது என்பது அடுத்தது. அதிகம் தலையிட்டால் மாணவர் கற்கமாட்டார். தாமதித்தால் விமானம் தாங்காது. உங்கள் எல்லைகளைப் பறக்கும் முன்பே எண்களாக முடிவுசெய்துகொள்ளுங்கள்: இறங்கும்போது இந்த வேகத்துக்குக் கீழே போனால், இந்த உயரத்தில் ஓடுதளத்துக்கு நேராக இல்லையென்றால், நான் எடுத்துக்கொண்டு மேலேறிவிடுவேன் என்று. அந்த நொடியில் யோசிக்க நேரமிருக்காது. தொடக்கத்தில் பாதுகாப்பு இடைவெளியை அகலமாக வைத்து, சற்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். அனுபவம் கூடக்கூடச் சுருக்கிக்கொள்ளலாம்.

உடலையும் கவனியுங்கள். அமெரிக்க விதி, தொடர்ச்சியான 24 மணிநேரத்தில் 8 மணிநேரத்துக்கு மேல் பறத்தல் பயிற்சி அளிக்கக்கூடாது என்கிறது. அது உச்ச வரம்பு. அன்றாட இலக்கு அன்று. ஐந்து மணிநேரம் தரையிறக்கம் கற்றுக்கொடுத்த பயிற்றுநரின் ஆறாவது மணிநேரத்துக்கு மாணவர் முழுக்கட்டணம் கட்டுகிறார் என்பது நினைவிருக்கட்டும்.

எல்லாப் பள்ளிகளும் மறுத்துவிட்டன. காத்திருக்கும்போது என்ன செய்வது?

தகுதியை உயிரோடு வைத்திருங்கள். அமெரிக்காவில் 2024 டிசம்பர் முதல் பயிற்றுநர் சான்றிதழில் காலாவதித் தேதி அச்சிடப்படுவதில்லை. ஆயினும் 24 மாதங்களுக்கு ஒருமுறை அண்மை அனுபவத்தை நிறுவாவிட்டால் அதைப் பயன்படுத்த முடியாது. ஐரோப்பாவில் பயிற்றுநர் தகுதி 3 ஆண்டுகளுக்குச் செல்லும்.

ஒரு பள்ளியிலோ பறத்தல் மன்றத்திலோ தரை வகுப்பு எடுக்க முன்வாருங்கள். வானிலை, விதிகள், வழிகாண்முறை ஆகியவற்றைப் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பு சிறிதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பத்துப் பேரில் மூன்று பேர், "இவரிடமே பறக்கக் கற்கலாமா?" என்று மேசையில் கேட்டால் பள்ளி உங்களைத் தேடி வரும். விமானங்களுக்கு நேரம் ஒதுக்கும் மேசை வேலையாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்தபடி பள்ளி உண்மையில் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மறுத்த தலைமைப் பயிற்றுநரிடம், "எதை மேம்படுத்திக்கொண்டு வரட்டும்?" என்று கேளுங்கள். பெரும்பாலானோர் நேர்மையாகச் சொல்வார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, அவர் சொன்னதைச் செய்துமுடித்தேன் என்ற செய்தியோடு மறுபடியும் நேரில் போங்கள். இடையில் அவருடைய பயிற்றுநர் ஒருவர் விமான நிறுவனத்துக்குப் போயிருக்கக்கூடும். அந்த மாணவர்களைப் பார்த்துக்கொள்ள அவருக்கு அந்த வாரமே ஆள் தேவைப்படும்.